நல்லெண்ணம் மட்டும் போதுமா? நலிந்தோர்க்கான பணி ஒரு கல்வியான வரலாறு



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் முன்வராந்தாவில் அமர்ந்திருந்தபோது, நம் மதரஸாவில் முன்பு ஓதிய மாணவி ஒருத்தியின் அத்தா நம்மைத் தேடி வந்தார். மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். அடுத்து மதுரைக்குச் சென்று எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். “ஹஜ்ரத், ஏழை எளியவர்களுக்கு உதவி செய்ய ரஹ்மத்தான மனசு இருந்தாப் போதாதா? அதுக்கு ரெண்டு வருஷம் காலேஜ்ல என்ன படிக்கிறாங்க? அப்புறம் அந்த உதவிக்குச் சம்பளம் வேற வாங்குறதா?” என்று கேட்டார்.

அவர் குறை சொல்லக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். நமக்கும் உடனே விடை சொல்ல இயலவில்லை. “இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பேசுவோம்” என்று அனுப்பிவைத்தோம். அந்த ஒரு வாரத்தில் நாம் புரட்டிப் பார்த்தவையும் எண்ணிப் பார்த்தவையுமே இக்கட்டுரை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் இதே கேள்வியோடு இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் இது பயன்படலாம்.

மதீனாவில் அழுத குழந்தை

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்தார்கள். பைத்துல் மாலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதைப் பெயர்வாரியாக எழுதிவைக்கும் ‘தீவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியவர்கள் அவர்களே. அந்தப் பதிவேட்டின் தொடக்கக்கால விதி ஒன்று, பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே உதவித்தொகை உண்டு என்றது.

ஒரு நாள் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் எல்லையில் வந்து தங்கியது. அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் விழித்திருந்தனர். ஒரு குழந்தை விடாமல் அழுதது. உமர் (ரலி) அவர்கள் மீண்டும் மீண்டும் சென்று தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். இறுதியில் அந்தத் தாய், பேசுபவர் யாரென்று அறியாமலே காரணத்தைச் சொன்னாள்: பால் மறந்த குழந்தைக்குத்தான் உமர் பணம் தருகிறார், ஆகவே குழந்தையைக் காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்கிறேன்.

அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் அழுகையால் ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தொழுகை முடிந்ததும் விதி மாற்றப்பட்டது. பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை என்று எல்லாத் திசைகளிலும் அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நாம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். கலீஃபாவின் ஈரநெஞ்சத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொன்னோம். இம்முறை அதில் வேறொன்று நம் கண்ணில் பட்டது. பழைய விதியை வகுத்தவரும் அதே ஈரநெஞ்சம் உடையவர்தாமே! எண்ணத்தில் குறை இல்லை. ஆயினும் அந்த விதி ஓர் எளிய வீட்டுக்குள் நுழைந்து என்ன விளைவை உண்டாக்கியது என்பது, அந்த வீட்டின் அருகே சென்று கேட்கும்வரை தெரியவில்லை. நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியும் எளியோரைக் காயப்படுத்தக்கூடும். அதைக் கண்டறிய நேரில் செல்லவும் காது கொடுக்கவும் பிழையை ஒப்புக்கொள்ளவும் முறையைத் திருத்தவும் தெரிந்திருக்க வேண்டும். இவை நான்கும் கற்று அடைய வேண்டியவை.

இறைமறை வகுத்த ஒழுங்கு

‘உதவிக்குச் சம்பளமா?’ என்னும் கேள்விக்கு விடையை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. ஏழைகள், வறியவர்கள் ஆகியோரை அடுத்து மூன்றாவதாக நிற்பவர்கள், ஜகாத்தை வசூலித்து நிர்வகிக்கும் ஊழியர்கள். ஆக, எளியோருக்கான பணியை முழுநேரமாகச் செய்பவருக்கு ஊதியம் உண்டு என்பது மார்க்கமே ஏற்படுத்திய ஏற்பாடு.

அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் இன்னொரு வகையினரைக் காட்டுகிறது. தன்மானத்தால் வாய்திறந்து கேட்காதவர்கள் அவர்கள். விவரம் அறியாதவர் அவர்களைச் செல்வர் என்றே எண்ணிக்கொள்வார். அடையாளங்களைக் கொண்டே அவர்களை அறிய முடியும் என்று அவ்வசனம் உணர்த்துகிறது. வரிசையில் வந்து நிற்பவரை யாரும் காண முடியும். வராதவரைக் காண்பதற்குப் பயிற்சி வேண்டும்.

அநாதைகளின் சொத்து பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனமும் அப்படியே. பொறுப்பாளர் அந்தப் பிள்ளையின் பக்குவத்தைச் சோதித்தறிய வேண்டும். பக்குவம் கண்டால் சொத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பீடு, ஒப்படைப்பு, பதிவு என்று இன்றைய பல்கலைக்கழகங்கள் வகுப்பெடுக்கும் படிகள், எத்தீம் பிள்ளைகளின் காரியத்தில் பதினான்கு நூற்றாண்டுகளாக நமக்குக் கடமையாக இருந்துவருகின்றன.

பெருமையும் படிப்பினையும்

உமைய்யா கலீஃபா முதலாம் வலீத் 705 முதல் 715 வரை ஆண்டார். தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகையும், பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளும், நடக்க இயலாதோருக்குப் பணியாளர்களும் அவர் காலத்தில் ஏற்படுத்தப்பட்டதாக வரலாறு கூறுகிறது. பின்னர் ‘பீமாரிஸ்தான்’ என்னும் மருத்துவமனைகள் பெருகின. 1154இல் திமிஷ்கில் நூருத்தீன் ஸன்கியும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனும் நிறுவியவை புகழ்பெற்றவை. வக்ஃபு வருமானத்தில் இயங்கிய அவற்றில், செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மனநோயாளிகளுக்கும் அங்கே இடம் இருந்தது.

ஆனால் வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படிப்பது முறையன்று. 1184இல் திமிஷ்குக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், அங்கிருந்த மருத்துவமனையைப் போற்றி எழுதுகிறார். அதே பக்கத்தில், மனநோயாளிகள் அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததையும் குறிப்பிட்டு, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறார். அன்றைய அறிவுக்கு எட்டிய எல்லை அது. அந்தச் சங்கிலியை இக்கட்டுரையில் இன்னொரு முறை நாம் சந்திக்க வேண்டியிருக்கும்.

நாக்பாடாவிலிருந்து சென்னைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் பெருகி, நகரங்களில் சேரிகள் விரிந்தன. படித்தவர்கள் சிலர் அச்சேரிகளுக்கு நடுவிலேயே குடியேறி மக்களோடு வாழ்ந்து பணி செய்தனர். 1884இல் லண்டனில் டாயன்பீ ஹால் இவ்வாறு தோன்றியது. 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். அனுபவம் திரளத் திரள, அதைக் கற்பிக்கும் பள்ளிகளும் பிறந்தன. 1899இல் ஆம்ஸ்டர்டாமில் இதற்கெனத் தனிக் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. 1917இல் மேரி ரிச்மண்ட், ஒரு குடும்பத்தின் இன்னலை எவ்வாறு விசாரித்து அறிவது என்பதை முறைப்படுத்தி நூலாக எழுதினார்.

இந்தியாவில் இக்கல்வி முளைத்த இடம் நம்மவர் அறிய வேண்டியது. மும்பையின் நாக்பாடா, முஸ்லிம்கள் மிகுதியாகவும் பிற சமயத்தார் பலரும் நெருங்கியும் வாழ்ந்த உழைப்பாளர் பகுதி. 1920களின் பிற்பகுதியில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர் அங்கே ஒரு சமூக நல இல்லத்தை நடத்தினார். அந்த அனுபவத்திலிருந்தே, 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப்பள்ளி அங்கு தொடங்கப்பட்டது. அவரே அதன் முதல் இயக்குநர். இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று நாடறிந்த பல்கலைக்கழகம் அதுவே. தெருவில் தவிக்கும் குழந்தைகளுக்காக 1996இல் தொடங்கிய 1098 தொலைபேசிச் சேவையும் அந்நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகவே பிறந்தது.

தமிழகத்தில், இளம் வயதிலேயே கணவரை இழந்த பார்சிப் பெண்மணியான மேரி கிளப்வாலா ஜாதவ், தம் வாழ்வைச் சேவைக்கு ஒப்புக்கொடுத்தார். தொண்டர்களின் ஆர்வம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று உணர்ந்து 1952இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரியை உருவாக்கினார். டாக்டர் ஜாகிர் ஹுசைன் போன்றோர் வளர்த்த டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவிலும் 1967இல் சமூகப்பணித் துறை ஏற்பட்டது. ஆகவே இது நமக்கு அந்நியமான படிப்பு அன்று.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது சிவகாசி. 1920களில் தீப்பெட்டித் தொழில் அங்கே வேரூன்றியது. பட்டாசும் அச்சும் தொடர்ந்தன. மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அத்தொழில் சோறு போட்டது. அதே வேளை, விடியுமுன் கிராமங்களுக்கு வரும் வண்டிகளில் ஏறித் தொழிற்சாலைக்குச் சென்ற சிறுவர் சிறுமியரின் நிலை, 1970களிலும் 80களிலும் நாட்டையே உலுக்கியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கி, சிறப்புப் பள்ளிகள் ஏற்பட்டன.

வழக்குரைஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 10 டிசம்பர் 1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும். அக்குழந்தையின் வீட்டில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். இயலாவிடில் 5,000 ரூபாய் அரசு தன் பங்காகச் செலுத்த வேண்டும். அந்நிதியின் வருவாய் குழந்தை பள்ளிக்குச் செல்லும்வரை குடும்பத்துக்குச் சேர வேண்டும்.

குழந்தையைத் தொழிற்சாலையிலிருந்து வெளியேற்றுவதோடு தீர்ப்பு நின்றிருந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளை வேறு ஏதோ ஒரு வேலைக்கு மறைவாகச் சென்றிருக்கும். மதீனாவின் தாய் சொன்னதும் இதைத்தானே? எளியவரின் வீட்டுக் கணக்கை அறியாத விதி, அந்த வீட்டின் குழந்தையையே வருத்தும். தீர்ப்பை எழுதுவது நீதிமன்றத்தின் வேலை. கதவைத் தட்டி, பிள்ளையின் வயதை அறிந்து, தாயைச் சமாதானப்படுத்தி, பள்ளியில் சேர்த்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் போய்ப் பார்ப்பது யாருடைய வேலை? அந்த வேலைக்குரிய கல்வியே சமூகப்பணி.

நம்மைச் சுற்றி இன்னும் எத்தனையோ பேர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பகுதியில் வாழும் பளியர் பழங்குடியினர். இராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெய்யும் தறிகளிலும் உழைக்கும் பெண்கள். பட்டாசு விபத்தில் கணவரை இழந்தோர். இவர்களில் எந்தச் சமயத்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவது நம் வேலை அன்று. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தாம் மட்டும் வயிறார உண்பவர் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அண்டை வீட்டாரின் மார்க்கத்தைக் கேட்கச் சொல்லவில்லை.

ஏர்வாடியின் சங்கிலி

இதைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை நாமும் இராமநாதபுரம் மாவட்டத்தவரே. அந்த இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 6 ஆகஸ்ட் 2001 அன்று அதிகாலை, தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணைத்தவர்களுள் பலர் கொடியவர் அல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோருமே நம்பிக்கையோடு அங்கே கொண்டுவந்து விட்டிருந்தனர். குணமாகும் என்ற ஆசையும், வேறு வழி அறியாத களைப்பும் அவர்களை அங்கே கொண்டுவந்திருந்தன.

உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. அரசு அங்கிருந்த தனியார் காப்பகங்களை மூடி, 500க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடைசெய்கிறது. ஏர்வாடியிலேயே பின்னர், பிரார்த்தனைக்கு வருவோருக்கு மருந்தும் கிடைக்கச் செய்யும் ‘தவா–துவா’ முயற்சி நடைமுறைக்கு வந்தது. தர்காக்கள் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடு இங்கே நம் பொருள் அன்று. நோய் வந்தால் மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

1993இல் சென்னையில், சமூகப்பணி பயின்ற வந்தனா கோபிகுமார், தம் தோழி வைஷ்ணவி ஜெயக்குமாருடன் இணைந்து, தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக ‘பேனியன்’ இல்லத்தைத் தொடங்கினார். சிகிச்சை அளித்து, ஊரையும் உறவையும் கண்டறிந்து, வீடு சேர்க்கும் பணி அது. ஏர்வாடித் தீக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த அறிவு நம் மாநிலத்தில் இருந்தது. நம் மஹல்லாக்களுக்கு அது எட்டவில்லை. எட்டச் செய்யும் ஆட்கள் நம்மிடம் இல்லை.

என்ன கற்கிறார்கள்?

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டுப் படிப்பு. தனியாளோடு பணி செய்தல், குழுவோடு பணி செய்தல், சமுதாயத்தை ஒன்றுதிரட்டுதல் ஆகியவை அதன் அடிப்படை முறைகள். வகுப்பறையோடு களப்பணியும் இணைந்தே நடக்கும். மாணவர்கள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி என்று சென்று, கண்டதை எழுதி, ஆசிரியரிடம் ஒப்படைத்துத் திருத்தம் பெறுகிறார்கள்.

1957இல் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்பவர் இப்பணிக்கு ஏழு நெறிகளைத் தொகுத்தார். ஒவ்வொருவரையும் தனித்தன்மை உடையவராகக் காண்பது, உணர்வை வெளியிட இடம் தருவது, நம் உணர்வைக் கட்டுக்குள் வைப்பது, உள்ளபடியே ஏற்பது, தீர்ப்புச் சொல்லாமை, அவர் முடிவை அவரே எடுக்கவிடுவது, இரகசியம் காப்பது என்பன அவை. வாசிக்கும்போது நமக்கு வியப்பைவிட வெட்கமே மிகுந்தது. பிறர் குறையை மறைப்பதும், வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பதும், சொல்லிக்காட்டித் தர்மத்தைப் பாழாக்காமல் இருப்பதும் நாம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துபவை அல்லவா?

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமழானில், நாமும் பொறுப்பேற்றிருந்த உதவி வழங்கும் நிகழ்ச்சியில், அரிசி மூட்டை பெற்றவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே எண்ணம். அதில் ஒரு விதவைச் சகோதரி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். மறு ஆண்டு அவர் வரவில்லை. வசதி வந்துவிட்டது போலும் என்று நாம் எண்ணிக்கொண்டோம். வசதி வரவில்லை என்பதும், படத்தைப் பார்த்த மகன் பள்ளியில் கேலிக்கு ஆளானான் என்பதும் பிற்பாடே தெரிந்தன. கேட்காதவரைக் காண வேண்டும் என்ற வசனத்தை ஓதிக்கொடுக்கும் நாமே, கேட்டு வந்தவரையும் வராதவர் ஆக்கிவிட்டோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக. நல்லெண்ணம் நம்மிடம் நிறைய இருந்தது, கல்விதான் இல்லை.

அந்த அத்தாவுக்குச் சொன்னது

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அவர் வந்தார். மதீனாவின் குழந்தையையும், ஜகாத் ஊழியர்களின் பங்கையும், அந்தப் படத்தையும் சொன்னோம். கடைசியில், “உங்கள் மகள் படிக்கப் போவது தர்மம் செய்வதை அன்று, தர்மம் எவரையும் காயப்படுத்தாமல் போய்ச்சேரும் வழியை” என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “விடுதி, போக்குவரத்து, பாதுகாப்பு பத்தி விசாரிக்கணும் ஹஜ்ரத்” என்றார். அது நியாயமான கவலை. விசாரிப்பதற்கு நாமும் உடன் செல்வதாக ஒப்புக்கொண்டோம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உதவி பெறுவோரைப் படம் எடுப்பதை இந்த ரமழானிலிருந்தே நிறுத்துவோம். கணக்கைத் தாளில் காட்டுவோம். முகத்தைக் காட்ட வேண்டாம். நாம் நடத்தும் எத்தீம் இல்லங்களைச் சிறார் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்து, பிள்ளைகளின் காரியத்தை ஒழுங்காக எழுதிவைப்போம். மாவட்டந்தோறும் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் போன்ற அரசு ஏற்பாடுகளை விதவைச் சகோதரிகளுக்கு எடுத்துச்சொல்லி, விண்ணப்பம் எழுத உதவுவோம். ஒவ்வொரு மஹல்லாவிலிருந்தும் ஒரு மகனோ மகளோ இக்கல்வியைக் கற்க, ஜகாத் நிதியிலிருந்து உதவ வழியுண்டா என்று உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள்.

முகத்தை மறைத்து நின்ற அந்தச் சகோதரியின் வீட்டுக்கு, சென்ற வாரம் நம் வீட்டாரை அனுப்பினோம். கையில் எதையும் கொடுத்தனுப்பவில்லை. முதலில் அவர் சொல்வதைக் கேட்டு வருமாறு மட்டுமே சொன்னோம். இரண்டு மணிநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

வல்ல ரஹ்மான் நம் நல்லெண்ணங்களை ஏற்று, அவற்றோடு நல்லறிவையும் சேர்த்து அருள்வானாக! ஆமீன்.